பாவுக்கு ஒரு கூரை

செப்டம்பர் 9, 2008, செவ்வாய்

விடியும்போதே மழை. இந்த மாதத்தில் சாயங்காலம் இடித்துப் பெய்வதுதான் வழக்கம். பால் பொங்குவதற்குள் சரோஜாவின் போன். ஐயம்பேட்டை நெசவுப் பெண்கள் சங்கத்துத் தலைவி. இந்த மாதிரிச் சங்கங்களுக்கு உதவி தேடித் தருவது என் ஆபீஸ் வேலை. "மாமி, வள்ளியம்மா பாவு நனைஞ்சிடுச்சி. ஒரு தபா வந்து பாருங்க." பின்னால் ஒரு ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது.

இவருக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ. தெருவெல்லாம் சேறு. வள்ளியம்மா வீட்டுக் கூடத்தில், தறியில் ஏற்றும் முன் தெருவில் நீட்டியிருந்த பட்டு இழைகளை ஈரத்தோடு விரித்து வைத்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு. கரைப் பக்கத்து மஞ்சளில் சாயம் இறங்கி, புண்ணில் கட்டிய துணி மாதிரி இருந்தது. தீபாவளிக்குப் போக வேண்டிய சேலைகள். பட்டு கொடுத்த முதலாளி நஷ்டத்தைக் கூலியில் பிடிப்பார்.

கத்தியது வள்ளியம்மாவின் கணவர் ஏழுமலை. என்னைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "வானத்த பார்த்து நீட்ட வேணாமா மாமி? இத்தினி வருசமா இதே வேல பண்றா." வள்ளியம்மா இழைகளைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். விடியலில் நட்சத்திரம் தெரிந்ததாம், அதனால்தான் நீட்டினாளாம். வெளியே வந்த பிறகு சரோஜா சொன்னாள்.

திரும்பி வந்தால் கேஸ் தீர்ந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரசம்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெயில். சரோஜா வீட்டில் கூட்டம், தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து.

சென்னையில் பெண்கள் நிதியத்தில் வேலை செய்யும் ஷீலா அனுப்பியிருந்த பட்டியலைப் படித்தேன். வெளிநாட்டுப் பெண்கள் அமைப்பு ஒன்று பணம் தருகிறது. பருவநிலை மாறுவதால் பெண்களுக்கு என்ன கஷ்டம், அதற்குப் பெண்கள் சொல்லும் வழி என்ன, அதற்கு மட்டும். உதாரணங்கள்: மரக்கன்று, புகையில்லா அடுப்பு, சூரிய விளக்கு, மழைநீர்த் தொட்டி.

"அடுப்பு ஏற்கெனவே ஒருத்தங்க குடுத்துட்டுப் போனாங்கோ. அதுல எங்க வூட்டுக் கோழி அடையுது" என்றாள் ஒருத்தி. நல்ல சிரிப்பு.

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, மழை உங்களை என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிறுக்கிக்கொண்டது:

எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. வந்தால் கொட்டுகிறது.
தெருவில் பாவு நீட்டப் பயம்.
நெய்கிறவர் கால் வைக்கும் தறிக்குழியில் ஊற்றுத் தண்ணீர், வாரக்கணக்கில் தறி நிற்கும்.
நனைந்தால் கூலியில் பிடிப்பு. திட்டு மட்டும் முழுசாக நமக்கு.

கடைசி வரி சரோஜாவுடையது. பாவு நீட்டுவது, கஞ்சி போடுவது, அறுந்த இழை முடிவது எல்லாம் பெண்கள். அதற்கென்று தனிக் கூலி கிடையாது. நெய்கிறவர் கூலியோடு சேர்ந்தது.

என்ன வேண்டும் என்றேன். "கூர" என்றாள் வள்ளியம்மா. அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "தெரு நீளத்துக்கு ஒரு கூர."

தெரு நீளத்துக்கு இடம்? தனம் சொன்னாள், "எங்க மன கீதே."

தனலட்சுமி. ஏழுமலையின் அண்ணன் மனைவி. கணவர் போய் மூன்று வருஷம் இருக்கும், இரண்டு பெண்கள் பள்ளியில். கடைசி வீட்டைத் தாண்டி, வாய்க்கால் ஓரம் அவளுக்கு ஒரு மனை. கயிறு மாதிரி நீளம், அகலமே இல்லை. வீடு கட்ட உதவாது என்று எல்லாரும் கேலி செய்கிற இடம். மேடு, தண்ணீர் நிற்காது. இப்போது ஏழுமலையின் மாடும் விறகும் அங்கே.

பட்டா அவள் பெயரில்தான். ஆனாலும் சொன்ன உடனே வள்ளியம்மாவைப் பார்த்தாள். வள்ளியம்மா தறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலை முழுக்க விண்ணப்பம். இரண்டு முறை மின்வெட்டு.

ஷீலாவுக்காக எழுதியது: "பாவு என்பது சேலையில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். தறியில் ஏற்றும் முன் ஏழெட்டு வீட்டு நீளத்துக்குத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகச் சரி செய்ய வேண்டும். நனைந்தால் பாழ்." படித்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பாடம். அப்படியே விட்டேன்.

இவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மழைக்குக் கொட்டகை போடறதுக்கு வெளிநாட்டுலேர்ந்து பணமா? நம்மாத்து மாடி ஒழுகறதே, அதுக்குத் தருவாளா கேளு" என்றார். கணக்கு வாத்தியார் ஜோக்.

ஷீலா போனில்: "கோமளா, பணம் ஒதுக்கும் குழு ஒரு கேள்வி கேட்கும். இது தொழில் வசதி. இதில் பருவநிலை எங்கே?" நியாயமான கேள்வி. ஒரு காலை மழையை எதன் கணக்கில் எழுதுவது? வருஷா வருஷம் பார்க்கிறவர்கள் மாறியிருக்கிறது என்கிறார்கள். அதை அப்படியே எழுதச் சொன்னாள், அவர்கள் வாய்வார்த்தையிலேயே. "பாலின நீதி" என்ற பத்தியை மட்டும் நான் எழுத வேண்டுமாம். மூன்று தரம் எழுதி அடித்தேன். சரோஜாவிடம் கேட்டால், "அத்தயெல்லாம் நீங்க பார்த்து எழுதுங்க மாமி, கூர வந்தா சரி" என்கிறாள்.

முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. பெருமாள் சேவித்து வருவதற்குள் பத்து மணி, அவ்வளவு கூட்டம். தளிகை தாமதம்.

மூன்று மணிக்கு வாசலில் தனம். இங்கே வந்ததே இல்லை. உள்ளே வரச் சொல்லியும் வாசலை ஒட்டிய ரேழியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

ஏழுமலைக்குச் செய்தி போய்விட்டது. "எங்க அண்ணன் மனைய ஊர்ல போற சங்கத்துக்கு எழுதிக் குடுப்பியா அண்ணி?" என்று கேட்டாராம். சத்தம் போடவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள்.

பிறகு சொன்னது எனக்குத் தெரியாது. அவள் கணவர் போனபோது தறியில் பாதிச் சேலை நின்றிருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலை வந்து அந்தத் தறியில் உட்கார்ந்து, அண்ணன் விட்ட இடத்திலிருந்து நெய்து முடித்து, கூலியை அப்படியே இவள் கையில் கொடுத்திருக்கிறார். இரண்டு பெண்களுக்கும் பள்ளிக்கூடச் செலவும் அவர்தான்.

"அவுரு கெட்டவரு இல்ல மாமி. நான் பண்றது துரோகமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் என் வேலைக்கு அந்த மனை தேவை. நான் இல்லை என்று சொன்னால் அது யாருக்காகச் சொன்னது? காபி கொண்டுவந்து கொடுத்தேன். "உனக்கு எது தோணறதோ அதைப் பண்ணு. சங்கம் வருத்தப்படும்னு பண்ணாதே" என்றேன். அரைகுறைப் பதில்.

கிளம்பும்போது சொன்னாள். "அந்த மன நாளைக்கு எப்பிடியும் அவுரு புள்ளைக்கித்தான் போவும். யாரும் கேக்கப் போறதில்ல. என் பொண்ணுங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடும். அதான் சொல்லிட்டேன் அன்னிக்கி."

செப்டம்பர் 25, வியாழன்

ஷீலா சென்னையிலிருந்து முதல் பஸ்ஸில். வெயில் கொளுத்தியது. குடை கொண்டுவந்திருந்தாள், மழைக்கு என்று.

மனையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். மாடு முறைத்தது. நல்ல கேள்விகள் கேட்டாள். சங்கத்தில் இல்லாத பெண்கள் பாவு நீட்டலாமா? ஒரே காலையில் இரண்டு பேர் வந்தால்? தனத்துக்கு என்ன? கடைசிக் கேள்விக்குப் பெண்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள்: மனை தனம் பெயரிலேயே இருக்கும், சங்கத்துக்குக் குத்தகை, வாடகை அவள் கைக்கு. தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டீக்கடையிலிருந்து நாலு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை அதில் இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஷீலா, "கொழுந்தன் சம்மதமா?" என்றாள். இல்லை என்றேன். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தகராறு உள்ள இடம் என்றால் குழு கொடுக்காது. என்னால் வாதாட முடியாது, கோமளா. இரண்டு ஊரில் கட்டிய பிறகு இடத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் பூட்டிவிட்டார்கள். பெண்கள் வெளியே நின்றார்கள்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

செப்டம்பர் 29, திங்கள்

நாளைக்குக் கொலு. பொம்மைப் பெட்டி இறக்கியாயிற்று. செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்திருக்கிறது.

சரோஜா போன்: ஏழுமலை சிமெண்ட் கம்பங்கள் கொண்டுவந்து மனையில் இறக்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நட்டு வேலி போடப் போகிறாராம். போலீஸுக்குப் போகலாம் என்கிறாள் சரோஜா. தனம் முடியாது என்கிறாள். "வூட்டு விசயம் ஸ்டேசனுக்குப் போவக் கூடாது."

மதியம் போய் அவரைப் பார்த்தேன். தறியில் இருந்தார். எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்றேன். அவர் குழிக்குள் கால் தொங்க, நான் ஸ்டூலில்.

"மாமி, நீங்க நல்லதுதான் நெனைக்கிறீங்க. உங்க ஆபீஸ் நாளைக்கி இருக்குமா? சங்கம்னு ஒருத்தி வருவா, அப்பறம் அவ புருசன் வருவான், அப்பறம் கட்சிக்காரன் வந்து போர்டு வெப்பான். அண்ணி எங்க போய் நிக்கும்?"

பதில் சொன்னேன், குத்தகைக் காகிதம், பதிவு, அது இது. அவர் கேட்டது காகிதம் பற்றி இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"போன வருசம் இந்தக் குழியில இத்தினி தண்ணி" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "கார்த்திக மாசம் பூரா தறி நின்னுச்சி. அந்த மேட்டுல ரெண்டு தறி போடலாம்னு அண்ணன் உசுரோட இருந்தப்பவே நானும் அவுரும் பேசிக்கினு இருந்தோம். அதுக்குள்ள அவுரு..."

குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. வள்ளியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்கும் மழைதான் பிரச்சினை. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவில் வரும்போதுதான் தோன்றியது.

அக்டோபர் 3, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையிலேயே போனேன். பேசிப் பார்க்கலாம், முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கலாம் என்றுதான். மேகமூட்டம். மனைக்குப் போகும் வழியிலேயே சிவப்பு தெரிந்தது.

மனையின் முழு நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியில் பாவைக் கட்டிய ஒரு மர முளை, அந்தக் கோடியில் ஒரு முளை, நடுவில் குறுக்குக் கழிகள் மேல் பட்டு. விறகெல்லாம் ஓரத்தில் அடுக்கியாயிற்று. மாட்டைக் காணோம். இருபக்கமும் பெண்கள் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வள்ளியம்மா, கஞ்சிச் சட்டியோடு.

"யாரோட பாவு?" என்றேன் சரோஜாவிடம்.

"அவுங்களுதுதான். ஏழுமல தறிக்கி அடுத்து ஏத்த வேண்டியது. நான் சொல்லல மாமி. காலையில வள்ளியம்மாவே தூக்கிக்கினு வந்துச்சி."

எட்டு மணி சுமாருக்கு ஏழுமலை வந்தார். கடப்பாரையோடு கூலியாள் இரண்டு பேர். மனை முகப்பில் நின்றார். அந்தப் பக்கம் கம்பம் நட வேண்டுமானால் பாவைத் தாண்டிப் போக வேண்டும், அல்லது அறுக்க வேண்டும். நீட்டிய பாவைத் தாண்டுகிற நெசவாளியை நான் பார்த்ததில்லை. குழந்தைகள்கூடக் குனிந்து அடியில் புகுந்து போகும், தாண்டாது. கூலியாள் இரண்டு பேரும் அதே தெருக்காரர்கள். அவர்களும் நின்றுவிட்டார்கள்.

"இன்னாடி இது?"

"நம்ம பாவுதான்." வள்ளியம்மா நிமிரவில்லை. கஞ்சி தெளித்துக்கொண்டே சொன்னாள். "தெருவுல வண்டி போவுது. இங்க மேடு, நல்லா இருக்குது."

"சுருட்டு."

"கஞ்சி காயணும்."

"சுருட்டுன்றேன்."

"இப்ப சுருட்டுனா ஒட்டிக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

தனம் அந்தக் கோடி முளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அண்ணியை ஒரு தடவை பார்த்தார். கடப்பாரை கையிலேயே இருந்தது. நான் ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அது என் இடம் இல்லை.

வள்ளியம்மாதான் மறுபடி பேசினாள். "அன்னிக்கி நனைஞ்சப்போ வானத்தப் பார்க்கத் தெரியலேன்னு தெருவே கேக்கச் சொன்னீங்க. பாத்துக்கினுதான் இருந்தேன். வானம் சொல்லிட்டு வரலியே."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது காற்று மாறியது. நாடகம் மாதிரி இருக்கும் எழுதினால், ஆனால் காலையிலிருந்தே கருத்துக்கொண்டுதான் இருந்தது. முதல் சொட்டு என் கண்ணாடியில்.

"தூத்தல்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பெண்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். கோடி முளையிலிருந்து சுருட்ட வேண்டும், இழுவை தளரக் கூடாது, ஒரு ஆள் நல்ல பலத்தோடு பிடிக்க வேண்டும். தனத்தால் தனியாக முடியவில்லை, கால் சறுக்கியது. கடப்பாரை மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாகவே ஓடி, அண்ணி கையிலிருந்து முளையை வாங்கி, "விடு அண்ணி, விடு, நான் பிடிச்சிக்கிறேன்" என்று சாய்ந்து இழுத்தார். கூலியாள் இரண்டு பேரும் கழிகளை உருவினார்கள். அவர்கள் கையும் தறிக் கை.

பாதி சுருட்டுவதற்குள் மழை இறங்கிவிட்டது. ஒரு பெண் தன் முந்தானையை அவிழ்த்து மேலே போட்டாள். எல்லாரும் போட்டார்கள். நானும் என் மடிசாரில் எதைப் போடுவது, பையிலிருந்த துண்டைப் போட்டேன்.

கொஞ்சம் நனைந்தது. இழைகள் நிறைய அறுந்தன. சாயம் இறங்கவில்லை. சுருட்டிய பாவை ஏழுமலை குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வள்ளியம்மா கஞ்சிச் சட்டியோடு பின்னால் போனாள்.

நாங்கள் நனைந்துகொண்டே நின்றோம். ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4, சனி

தும்மல். மிளகு கஷாயம். கொலுவுக்கு நாலு பேர் வந்தார்கள், சுண்டல் உப்புக் குறைச்சல்.

சரோஜா சொன்னது: ஏழுமலை நேற்று சாப்பிடவில்லை. வள்ளியம்மாவும் கெஞ்சவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாயங்காலம் முழுக்க அறுந்த இழை முடிந்திருக்கிறார்கள்.

ஷீலாவிடம் நேற்று நடந்ததைச் சொல்வதா? சொன்னால் இடம் தகராறு என்று விண்ணப்பம் போய்விடும். சொல்லாமலும் விடலாம், அவள் சென்னையில் இருக்கிறாள். இவரிடம் கேட்டேன். "உனக்குத் தெரியாதா?" என்று பேப்பரைத் திருப்பினார்.

சொல்லிவிட்டேன். கடப்பாரை முதல் துண்டு வரை. ஷீலா, "அந்த வள்ளியம்மாவுக்கு வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டாள் முதலில். பிறகு, "நான் குழுவிடம் இதை அப்படியே சொல்வேன். என்ன ஆகும் என்று தெரியாது."

அக்டோபர் 13, திங்கள்

ஏழுமலை கூட்டத்துக்கு வந்தார். சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி. வாசற்படியில் உட்கார்ந்தார். ஆண்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்று சரோஜா ஆரம்பித்தாள். தனம் அவளைத் தொட்டு நிறுத்தினாள்.

"அண்ணி, எங்கிட்ட முன்னாடியே நீயே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா இன்னா சொல்லியிருப்பே?"

யோசித்தார். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் கொஞ்சம் வந்தது, அடக்கிக்கொண்டார்.

அவர் கேட்டது: குழியில் தண்ணீர் ஏறும் மாதங்களில் கூரையின் மேற்குக் கோடியில் தறி போட இடம். அண்ணனும் அவரும் பேசிக்கொண்ட இரண்டு தறி. சரோஜா ஒரேயடியாக மறுத்தாள். "இன்னிக்கி ரெண்டு தறி, நாளைக்கி பூரா தறி, பாவு மறுபடி தெருவுக்கு." பெரிய வாக்குவாதம். நான் தலையிடவில்லை. என்னைப் பார்த்தவர்களிடம் தனத்தைக் காட்டினேன்.

முடிவு தனம் சொன்னது. மேற்குக் கோடியில் தறி வரலாம். குழி இல்லாத நிறுத்துத் தறி மட்டும், மழை மாதம் மட்டும். யார் வீட்டில் தண்ணீர் அதிகமோ அவர்களுக்கு முதலில், அதைச் சங்கம் பார்த்துச் சொல்லும். பாவுக்கு இடம் குறைகிற அன்று தறி நகரும். இது எழுத்தில் இருக்க வேண்டும்.

"நான் கேட்டாலும் சங்கம் பார்த்துத்தான் சொல்லுமா?"

"நீ கேட்டாலும்தான்" என்றாள் தனம்.

தலையை ஆட்டினார். குத்தகைக்குச் சாட்சிக் கையெழுத்து தானே போடுவதாகச் சொன்னார். வள்ளியம்மா இதற்குள் எழுந்து போய்விட்டிருந்தாள், உலை வைக்க.

நடந்து வந்தேன் பெரிய தெரு வரைக்கும். கடையில் வெண்டைக்காய் நன்றாக இருந்தது, வாங்கினேன்.

அக்டோபர் 22, புதன்

ஷீலா போன். குழு ஒத்துக்கொண்டது! ஆனால் கேட்டதில் பாதி. மீதி அடுத்த வருஷம் பார்க்கலாமாம். பாதி நீளத்துக்கு இப்போது கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

பாதிப் பாவை நீட்டி என்ன செய்வது? சிரிப்பும் அழுகையும்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். உடனே கொத்தனார் கணக்கை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார்கள். சுவர் வேண்டாம். சிமெண்ட் தளம் வேண்டாம், மண்ணே போதும், இழை விழுந்தாலும் அழுக்காகாமல் சாணி மெழுகிக்கொள்ளலாம். கதவு எதற்கு, சுவரே இல்லாதபோது? நிதியத்தின் பெயர்ப்பலகை? "அது வேணும்னா அவுங்களே செஞ்சி எடுத்துக்கினு வரட்டும்." கால்களும் கூரையும் மட்டும், முழு நீளத்துக்கு.

ஷீலாவுக்குப் போன் செய்து சொன்னேன், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டாள். சரி. பலகை இல்லாவிட்டால் பரவாயில்லை, படம் மட்டும் எடுத்து அனுப்பு.

நவம்பர் 14, வெள்ளி

தீபாவளி, இவருக்குக் காய்ச்சல், எழுதவே இல்லை.

தகரக் கூரை பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வெல்டிங்காரர் இரண்டு நாள் வரவில்லை, மின்வெட்டு. ஏழுமலை மேஸ்திரியோடு தினமும் சண்டை, சரிவு போதாது, தண்ணீர் பாவு மேல் ஒழுகும் என்று. சரிவை மாற்றினார்கள். மேஸ்திரி என்னிடம், "யாரும்மா ஓனரு? ஆளுக்காளு சொல்றாங்க" என்றார். தனத்தைக் காட்டினேன். அவள் மண் சுமந்துகொண்டிருந்தாள், அவர் நம்பவில்லை.

முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். இனிமேல் பாவு நனைந்தால் பிடிப்பு இரட்டிப்பு என்று மிரட்டினாராம். சரோஜா, நனையாவிட்டால் பாவு கூலி தனியாக உண்டா என்று கேட்டிருக்கிறாள். அது அடுத்த சண்டை.

நவம்பர் 27, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. ஊரில் பாதித் தெருக்களில் தண்ணீர். பள்ளிக்கூடம் விடுமுறை, இவர் வீட்டில். போகாதே என்றார். காலையில் கொஞ்சம் வெறித்த நேரத்தில் வந்துவிட்டேன். இப்போது திரும்ப ஆட்டோ இல்லை. இதை ஐயம்பேட்டையில், கூரைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் ஈரம், பேனா சரியாக ஓடவில்லை.

தகரத்தின் மேல் மழைச் சத்தம். பக்கத்தில் இருப்பவரும் கத்தினால்தான் கேட்கிறது, இல்லாவிட்டால் சைகைதான். பக்கவாட்டில் சாரல் அடிக்கிறது. அதற்குப் படுதா கட்ட வேண்டும், இது யாருக்கும் முன்னால் தோன்றவில்லை. ஷீலாவுக்குச் சொல்ல வேண்டும்.

மேற்குக் கோடியில் இரண்டு தறி. ஒன்று சரோஜாவின் பக்கத்து வீட்டுக்காரருடையது. இரண்டாவது இடத்தை ஏழுமலை எதிர்பார்த்தார், அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் குழியில் முழங்கால் அளவுதான் தண்ணீர், தெருக்கோடி வீட்டில் இடுப்பளவு. சங்கம் போய்ப் பார்த்து வந்து சொன்னது. முணுமுணுத்தாராம். இன்று காலையில் அவரே அந்தத் தெருக்கோடிக்காரருக்குத் தறி பிரித்து மாட்ட வந்திருந்தார்.

பாவு நீட்டியிருக்கிறார்கள். முழு நீளம். பச்சை. இந்தக் கார்த்திகையில், இந்த மழையில், விடியலில் இல்லாமல் பதினோரு மணிக்கு, சமைத்து வைத்துவிட்டு நிதானமாக வந்து. வள்ளியம்மா கஞ்சி தெளிக்கிறாள். தனத்தின் பெரிய பெண் இழை முடியக் கற்றுக்கொள்கிறாள், முடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் தானே கை தட்டுகிறாள்.

இப்போது முதலாளி ஆள் ஒருவர் குடையோடு வந்து நிற்கிறார். கூரைக்கு வெளியேயே. குறுக்கே பாவு.

"ஏழுமலை இருக்காரா?"

"அவுரு வூட்ல குழி எறைச்சிக்கினு இருக்காரு" என்று வள்ளியம்மா கத்திச் சொல்கிறாள். "பாவு விசயமா? எங்கிட்ட சொல்லு. எனக்குத்தான் தெரியும்."

அவர் யோசிக்கிறார். குனிந்து உள்ளே வருகிறார்.

காற்று பெரிதாகிறது. கிழக்குக் கோடியில் தனம் கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள், யாரை என்று தெரியவில்லை. என்னைத்தான். "மாமி! இந்த முளைய வந்து ஒரு கை பிடிங்க!" சும்மா உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான். நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.